நேர்காணல் மேசையில் பொருளையும் வையுங்கள்

டிசைன் துறைகளுக்கு ஆசிரியர்களைத் தேர்ந்தெடுக்கும் குழுவினருக்கு,

வணக்கம். சென்சார், வைஃபை வைத்த ஸ்மார்ட் பொருள்களின் வடிவமைப்பு கற்பிக்க வருகிறவர்களை ஆய்வுக் கட்டுரை எண்ணிக்கையை வைத்தே வடிகட்டுகிறீர்கள். விதியும் அதற்குத் தோதாகத்தான் இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 விதிமுறைப்படி பொறியியலில் ஒரு கட்டுரைக்கு 8 புள்ளி, உள்நாட்டு பேடன்ட்டுக்கு 7. டிசைன் சட்டத்தின்கீழ் பதிவாகி, 15 ஆண்டு வரை பாதுகாப்பு பெறக்கூடிய வடிவத்துக்கு அந்த அட்டவணையில் இடமே இல்லை. விதி உங்கள் கையில் இல்லை, நேர்காணல் இருக்கிறது.

வீடியோ, கம்ப்யூட்டரில் வரைந்த ரெண்டர் படம் எல்லாம் வேண்டாம். ஓடும் மாதிரியை மேசைமேல் வைக்கச் சொல்லுங்கள். அரை மணி நேரம் போதும்.

டச் பட்டன் வைத்த இண்டக்‌ஷன் அடுப்பு என்று வைத்துக்கொள்வோம். பேனலில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துவிட்டுத் தொடுங்கள். டச் சென்சார் விரலால் வரும் மின்தேக்க மாற்றத்தைத்தான் அளக்கிறது. சிந்திய தண்ணீரும் அதே மாற்றத்தை உண்டாக்கும். ஒன்றைத் தொட்டால் பக்கத்துப் பட்டன் வேலை செய்யும், இல்லையென்றால் எதுவுமே நடக்காது. பால் பொங்கும்போதுதான் பேனல் நனையும், அடுப்பை அணைக்க வேண்டியதும் அப்போதுதான். இதை யோசித்தவர் ஆஃப் பட்டனையாவது அழுத்தும் பட்டனாக வைத்திருப்பார்.

அடுத்து, பிளக்கைப் பிடுங்கி மறுபடி செருகுங்கள். கரண்ட் வந்ததும் ஃபிரிட்ஜ் தானாக ஓட வேண்டும். அடுப்பு ஓடவே கூடாது. வைஃபை போர்டு அடிக்கடி ரீசெட் ஆனால் காரணம் கேளுங்கள். சிக்னல் அனுப்பும் கணத்தில் சிப் சில நூறு மில்லிஆம்பியர் இழுக்கும். மெலிந்த யூஎஸ்பி கேபிளில் வோல்டேஜ் சரிந்துவிடும். “புரோகிராமில் ஏதோ பக்” என்று சொல்பவரிடம் படிக்கும் மாணவர்களும் இரவெல்லாம் புரோகிராமையே துழாவிக்கொண்டிருப்பார்கள்.

வெளிக்கூட்டையும் புரட்டிப் பாருங்கள். 3டி பிரின்ட்டில் செங்குத்துச் சுவர் அழகாக வரும். இன்ஜெக்‌ஷன் மோல்டில், அதாவது உருகிய பிளாஸ்டிக்கை அச்சுக்குள் செலுத்தி வார்க்கும்போது, சுவருக்கு 1 முதல் 2 டிகிரி சரிவு விடாவிட்டால் அச்சிலிருந்து கழலும்போதே கீறிக்கொள்ளும். 3டி பிரின்ட்டில் பயன்படுத்தும் பிஎல்ஏ பிளாஸ்டிக் 60 டிகிரி செல்சியஸை நெருங்கினாலே இளகும். வெயிலில் நிறுத்திய காருக்குள் வைத்தால் போதும்.

கட்டுரைகளைப் பார்க்க வேண்டாம் என்று சொல்லவில்லை, படித்துப் பாருங்கள். ஒரு பொருள் பயன்படுத்த எவ்வளவு எளிது என்று அளக்க, ஒவ்வொரு வரிக்கும் 1 முதல் 5 வரை விடை கேட்கும் 10 வரி சிஸ்டம் யூஸபிலிட்டி ஸ்கேலில் ஒற்றைப்படை வரிகளின் விடையிலிருந்து 1-ஐயும், இரட்டைப்படை வரிகளில் 5-லிருந்து விடையையும் கழித்து, எல்லாவற்றையும் கூட்டி, 2.5-ஆல் பெருக்க வேண்டும். வருவது 100-க்கான மதிப்பெண், சதவீதம் அல்ல. இப்படி வரும் 72-ஐ “72 சதவீதம் பேருக்குப் பிடித்தது” என்று எழுதியிருந்தால் அங்கேயே நிறுத்திக் கேளுங்கள். சோதித்துப் பார்த்தவர்கள் எல்லாரும் அவருடைய மாணவர்களே என்றால் மதிப்பெண் ஏறத்தான் செய்யும்.

சரிப்படாமல் ஒதுக்கிய பழைய மாதிரிகளையும் கொண்டுவரும்படி அழைப்புக் கடிதத்திலேயே எழுதுங்கள். பயணப்படியில் லக்கேஜ் செலவையும் சேர்த்துக் கொடுங்கள்.

இப்படிக்கு,
பொருள் வடிவமைப்பு கற்பிப்போர் சிலர்