எங்கள் வீட்டுப் பொங்கலைக் காப்பாற்றியவர்களுக்கு

வில்லிவாக்கத்தில் எங்கள் தெருக்காரர்களுக்கும், தெருவைத் தாண்டி எங்கிருந்தோ கைகொடுத்தவர்களுக்கும் வணக்கம்.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். கொரோனா வந்து படுத்த எங்கள் வீட்டில் எல்லோருக்கும் இப்போது தேவலை. மாமியாருக்கு மட்டும் வறட்டு இருமல் விட்டபாடில்லை. ஆனால் இருமலுக்கு நடுவிலும் நாள் முழுக்கப் பேசுகிறார், அதனால் கவலைப்பட ஒன்றுமில்லை. நேரில் வந்து ஒவ்வொருவரிடமும் சொல்வதுதான் முறை. ஆனால் சொல்ல வேண்டியவர்கள் நிறையப் பேர், அதில் சிலரை நான் முகம் பார்த்ததே கிடையாது. அதனால்தான் இந்த மடல்.

இந்த 2022 ஜனவரி எப்படிப் பிறந்தது என்று உங்களுக்குத் தெரியும். 6ஆம் தேதியிலிருந்து இரவு ஊரடங்கு, ஞாயிற்றுக்கிழமைகளில் முழு ஊரடங்கு, பிள்ளைகளுக்கு மறுபடியும் ஆன்லைன் வகுப்பு. பொங்கல் சமயத்தில் தமிழ்நாட்டில் ஒரே நாளில் 20,000 பேருக்கு மேல் பாசிட்டிவ் என்றார்கள், அதில் சென்னையில் மட்டும் எட்டாயிரத்துக்கு மேல். அந்தக் கணக்கில் நாங்களும் சேர்ந்துகொண்டோம். முதலில் கணவருக்குத் தொண்டை கரகரப்பு, அப்புறம் எனக்கு உடம்பு வலி, அப்புறம் மாமியாருக்குக் காய்ச்சல். தஞ்சாவூர்ப் பக்கம் என் அம்மா வீட்டுக்குப் போவதற்காக எடுத்திருந்த டிக்கெட்டை ரத்து செய்தோம். வாசலில் கோலமாவு டப்பா அப்படியே இருந்தது. கதவைச் சாத்திக்கொண்டோம்.

உயிர் போய் உயிர் வந்தது என்றெல்லாம் நான் எழுத மாட்டேன். 2021 மே மாதம் மருத்துவமனை வாசலில் ஆம்புலன்ஸ்கள் வரிசையில் நின்ற ஊர் இது. அதைப் பார்த்தவர்களுக்கு எங்கள் காய்ச்சல் ஒரு பொருட்டே இல்லை. பெரியவர்கள் எல்லோரும் இரண்டு தவணை ஊசி போட்டிருந்தோம். பத்தாம் வகுப்புப் படிக்கும் மகளுக்கும் அந்த மாதம்தான் பள்ளியிலேயே முதல் தவணை போட்டார்கள். ஒரு வாரத்துக்கு நாலு சுவருக்குள் கிடந்தோம், அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு வாரத்தில்தான் போகி, பொங்கல், மாட்டுப் பொங்கல், காணும் பொங்கல் எல்லாம் வந்தன. வீடு பண்டிகை இல்லாமல் போயிருக்க வேண்டியது. போகாமல் இருந்ததற்குக் காரணம் நீங்கள்.

ஒருவரை முதலில் சொல்ல வேண்டும். தெருக்கோடியில் வேப்பமரத்து வீட்டு அக்கா. 2020இல் இந்தத் தெருவில் முதன்முதலாகத் தொற்று வந்தது அவர்கள் வீட்டில். அன்றைக்கு வாசலில் தகரம் அடித்து நோட்டீஸ் ஒட்டினார்கள். பால் போடுகிறவர் அந்தப் பக்கம் போகவில்லை. தெருவே எதிர்ச் சாரியில் நடந்தது. அப்புறம் அந்த வருடம் டிசம்பரில் உச்ச நீதிமன்றமே, முறையான உத்தரவு இல்லாமல் நோயாளி வீட்டு வாசலில் நோட்டீஸ் ஒட்டக் கூடாது என்று சொன்னது. ஆனால் அதற்குள் அக்கா பட வேண்டியதையெல்லாம் பட்டு முடித்துவிட்டார். இந்த முறை எங்கள் வீட்டுக்குச் செய்தி வந்த அன்று சாயங்காலம் முதலில் மணியடித்தது அவர்தான். கீழே நின்றுகொண்டு, "என்ன வேணும்னு கேக்க மாட்டேன், நீ வேண்டாம்னுதான் சொல்லுவ. ரசம் வெச்சிருக்கேன், கயிறு விடு" என்றார்.

கயிறு விட்டோம். துணி காயப்போடும் நைலான் கயிற்றில் ஒரு கட்டைப்பையைக் கட்டி முதல் மாடி பால்கனியிலிருந்து இறக்கினோம். பொங்கல் முடியும்வரை அந்தப் பைதான் எங்கள் வாசற்படி. பால், காய், மாத்திரை, மாவிலை, வெற்றிலை, பூ எல்லாம் அதில்தான் ஏறி வந்தன. என் மகன் அதற்கு 'லிப்ட்' என்று பெயர் வைத்து, இயக்கும் உரிமையைத் தனக்கே வைத்துக்கொண்டான். ஒருநாள் மோர்க் குழம்பு பாதி வழியில் சாய்ந்து கீழ்வீட்டு ஜன்னல் கம்பியெல்லாம் மஞ்சளாகிவிட்டது. கீழ்வீட்டு அக்கா அதைக் கழுவிவிட்டு, "குழம்புல உப்பு கம்மி" என்று மேலே பார்த்துச் சொன்னாரே தவிர, வேறு ஒரு வார்த்தை இல்லை. அக்கா, அது நாங்கள் வைத்த குழம்பு இல்லை. யார் வைத்தது என்பதையும் இங்கே சொல்லப்போவதில்லை.

மாநகராட்சியின் தொலைபேசி ஆலோசனையிலிருந்து பேசிய டாக்டருக்கு. அம்மா, உங்கள் பெயரை ஒருமுறை சொன்னீர்கள், பதற்றத்தில் என் காதில் விழவில்லை. மாமியாருக்குச் சர்க்கரை உண்டு என்பதால் தினமும் ஆக்சிஜன் அளவைக் குறித்துவைக்கச் சொல்லியிருந்தீர்கள். ஒருநாள் விடிகாலையில் கருவியில் 91 என்று காட்டியது. 94க்குக் கீழே போனால் சொல்ல வேண்டும் என்பது தெரியும், எனக்குக் கை நடுங்கிவிட்டது. நல்லவேளை, அன்றைக்கு உங்கள் அழைப்பு காலையிலேயே வந்தது. நீங்கள் அவசரப்படவில்லை. "பாட்டி கை சில்லுன்னு இருக்கா?" என்று கேட்டீர்கள். மார்கழிப் பனியில் தண்ணீரில் கையை அளைந்துவிட்டு அப்போதுதான் வந்து உட்கார்ந்திருந்தார். கை குளிர்ந்திருந்தால் கருவி குறைத்துக் காட்டும், இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து நன்றாகத் தேய்த்துச் சூடாக்கிவிட்டு மறுபடி வையுங்கள், எண் ஆடாமல் நிற்கும்வரை காத்திருங்கள் என்றீர்கள். தேய்த்தேன். 93. அப்புறம் 95. அப்புறம் 96இல் நின்றது. அதுவரைக்கும் நீங்கள் போனை வைக்கவில்லை. உங்களுக்கு அன்றைக்கு எத்தனை வீட்டுக்குப் பேச வேண்டியிருந்ததோ தெரியாது. மாமியாருக்கு அதற்குப் பிறகு உங்கள் மேல் தனி மரியாதை. "அந்தப் பொண்ணு போன் பண்ணிச்சா?" என்று தினமும் கேட்பார்.

கருவியை இரவல் கொடுத்தது மருந்துக்கடைத் தம்பி. காசு கொடுத்து வாங்கிக்கொள்கிறோம் என்று சொன்னதற்கு, "ஒரு வாரத்துக்கு எதுக்குக்கா, என்னோடத வெச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டு, தேவையில்லாத ஆன்டிபயாட்டிக் கேட்ட என் கணவரிடம் சீட்டு இல்லாமல் தர மாட்டேன் என்று கறாராகவும் இருந்தார். இரண்டுக்கும் நன்றி. தினமும் குப்பை எடுத்த தூய்மைப் பணியாளர் அக்காவுக்கும். எங்கள் வீட்டுக் குப்பையைத் தனிப் பையில் கட்டி வைக்கச் சொல்லி, தனியாக எடுத்துப் போனார். பொங்கலன்றும் வந்தார். அவர் வீட்டில் அன்றைக்கு எப்போது பானை வைத்திருப்பார் என்று யோசித்துப் பார்த்தால் மனசு கேட்கவில்லை. சீக்கிரம் நேரில் பார்த்து, செய்ய வேண்டிய மரியாதையைச் செய்வேன்.

அண்ணாச்சி கடைக்கு வருகிறேன். நான் வாட்ஸ்அப்பில் அனுப்பிய பட்டியலைப் பார்த்துவிட்டு அண்ணாச்சி போன் செய்தார். "பச்சரிசி போட்டிருக்கீய, பாசிப்பருப்பு போடலியே? வெல்லம்னு மட்டும் போட்டா எப்படி, மண்டை வெல்லமா அச்சு வெல்லமா? பச்சைக் கற்பூரம் வேண்டாமா?" எனக்கு அன்றைக்கு இருந்த தலைவலியில் பொங்கலே வேண்டாம் என்றுதான் இருந்தது, அண்ணாச்சி. கடமைக்கு ஒரு அரைக் கிலோ அரிசி போதும் என்று நினைத்து எழுதிய பட்டியல் அது. நீங்கள் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்லிச் சொல்லியே ஒரு முழுப் பொங்கலுக்கான சாமான் வீட்டுக்கு வந்துவிட்டது. காசை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றீர்கள். நேற்று கணக்கு முடித்தாயிற்று, நோட்டில் அடித்துவிடுங்கள்.

கரும்புக்குத்தான் கஷ்டம் வரும் என்று நினைத்தோம். ரேஷன் கடையில் 21 பொருள் கொண்ட பொங்கல் பரிசுத் தொகுப்பில் முழுக் கரும்பும் உண்டு, ஆனால் எங்கள் டோக்கன் நாளில் போக முடியவில்லை. என் தம்பி ஊரிலிருந்து பொங்கல் சீரை ஆம்னி பஸ்ஸில் போட்டுவிட்டான். கோயம்பேடு போய் அதை எடுத்து வந்தவர் மேல்வீட்டு ஐடி தம்பி. கரும்புக் கட்டும் மஞ்சள் கொத்தும் இஞ்சிக் கொத்தும் பைக்கில் வருமா? ஒரு ஆட்டோ பிடித்து, தோகை இரண்டு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டிருக்க, உட்கார இடமில்லாமல் பின்னாலேயே பைக்கில் வந்திருக்கிறார். கரும்பு எங்கள் 'லிப்டில்' ஏறாது. மாடிப்படியில் சாத்தி வைத்துவிட்டு, மேலே போய் நின்றுகொண்டு, "எடுத்துக்கங்க அக்கா" என்று குரல் கொடுத்தார். கல்யாணம் ஆன பெண்ணுக்குப் பிறந்த வீட்டுப் பொங்கல் சீர் என்றால் என்ன என்று அந்தத் தம்பிக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள். ஆனால் அந்த மஞ்சள் கொத்தில் ஒட்டியிருந்த ஈர மண்ணைக்கூட உதறாமல் கொண்டுவந்து சேர்த்தார். அந்த மண்ணை நான் கழுவ மனசில்லாமல் அப்படியே பானைக் கழுத்தில் கட்டினேன். மாமியார் பார்த்துவிட்டுத் திட்டினார், அது வேறு கதை.

14ஆம் தேதி காலையில் மொட்டை மாடியில் சேர்ந்து பொங்கல் வைப்பதுதான் நம் கட்டடத்தில் வழக்கம். எங்களால் வர முடியாது. சரி, அடுக்களையில் கேஸ் அடுப்பிலேயே வைத்துக்கொள்கிறோம் என்று சொல்லியிருந்தோம். பால் பொங்கும் நேரத்தில் ஒருவர் வீட்டுக்குக் கேட்கும்படி இன்னொருவர் வீட்டில் குரல் கொடுக்க வேண்டும் என்று ஏற்பாடு செய்தது யார் என்று எனக்கு இன்னும் தெரியாது. எங்கள் பால் விளிம்புக்கு வந்தபோது மகள் பால்கனிக்கு ஓடிப்போய் "பொங்கலோ பொங்கல்!" என்று கத்தினாள். மாடியிலிருந்து, கீழிருந்து, எதிர்வீட்டிலிருந்து, இன்னும் பால் பொங்காத வீடுகளிலிருந்தும் பதில் வந்தது. தட்டு, கரண்டி, யாரோ ஒருவர் வீட்டு இட்லிக் கொப்பரை மூடி எல்லாம் அடித்தீர்கள். மாமியார் முகக்கவசத்தை இறக்கிவிட்டுக் குலவை போட ஆரம்பித்தார், பாதியில் இருமல் வந்துவிட்டது. மிச்சக் குலவையை எதிர்வீட்டுப் பாட்டி முடித்து வைத்தார்.

மதியம் அவனியாபுரம் ஜல்லிக்கட்டு டிவியில். மதுரைக்காரரான மாமியாருக்கு அதில் குறையொன்றும் இல்லை. 16ஆம் தேதி ஞாயிறு முழு ஊரடங்கு என்பதால் அலங்காநல்லூர் 17ஆம் தேதிக்குத் தள்ளிப்போனதில்தான் கொஞ்சம் கோபம். 14 முதல் 18 வரை கோயில்களில் தரிசனத்துக்கும் அனுமதி இல்லை, தைப்பூசமும் அதற்குள் அடங்கிவிட்டது. "முருகனுக்கும் நம்மள மாதிரித்தான்" என்று சொல்லித் தேற்றிக்கொண்டார்.

காணும் பொங்கலன்று மெரினாவில் ஆள் இல்லை, வண்டலூரில் ஆள் இல்லை. நம் கட்டடத்துப் பிள்ளைகள் மட்டும் வரிசையாக எங்கள் மாடிப்படிக்குக் கீழே நின்று, பாட்டியிடம் ஆசீர்வாதம் வாங்க வந்திருக்கிறோம் என்றார்கள். பெரியவர்கள் ஆசீர்வாதம் செய்தால் கையில் காசு வைக்க வேண்டுமே. தொட்டுக் கொடுக்க முடியாது. மாமியார் என் மகனைக் கூப்பிட்டு, "அந்த ஜீபேயோ என்னமோ, அதுல ஆளுக்கு அம்பத்தோரு ரூபா போடு" என்றார். பிள்ளைகளுக்கு ஏது வங்கிக் கணக்கு? அவரவர் அம்மா அப்பா கணக்கில் போட்டோம். அது பிள்ளைகள் கைக்கு வந்ததா என்று மாமியார் விசாரித்துக்கொண்டிருக்கிறார். பெற்றோர்கள் கவனிக்கவும்.

விட்டுப்போனவர்கள்: விடுப்பு கேட்டபோது ஒரு கேள்வியும் கேட்காத என் அலுவலகத் தோழிகள், தினமும் கதவுக்கு வெளியே நின்று நலம் விசாரித்துக் குறித்துக்கொண்டு போன மாநகராட்சித் தன்னார்வலர் தம்பி, இரவு எந்நேரமானாலும் போன் எடுத்த என் நாத்தனார். எல்லோருக்கும் நன்றி.

அப்புறம் பாத்திரங்கள். எங்கள் அடுக்களை மேடையில் இப்போது தெருவில் பாதி வீட்டுப் பாத்திரம் இருக்கிறது. பேர் வெட்டிய பாத்திரங்களைப் பிரித்து அடுக்கிவிட்டேன். வெறும் பாத்திரத்தைத் திருப்பித் தரும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. எள்ளு மிளகாய்ப்பொடி இடித்துவைத்திருக்கிறேன், இந்த வாரத்துக்குள் ஒவ்வொரு வீடாகக் கொண்டுவந்து கொடுத்துவிடுகிறேன். அடியில் மயில் வெட்டிய ஒரு எவர்சில்வர் தூக்கு மட்டும் யாருடையது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அதில்தான் முதல் நாள் ராத்திரி இடியாப்பம் வந்தது, கயிற்றில் கட்டிவிட்டு யாரென்று சொல்லாமல் போய்விட்டீர்கள். உரியவர் வந்து கேட்டால் தரப்படும், பொடி இரண்டு பங்கு.