ரீபில்ட் திட்டம் என்று பணம் வாங்கிவிட்டு, இஞ்சினுக்குப் பொருந்தாத பிஸ்டனும் கேம்ஷாஃப்டும் அனுப்பியது பற்றிப் புகார்

வணக்கம்.

என்னுடைய 1982 மாடல் போர்ஷே 911 எஸ்சி காரின் 3.0 லிட்டர் இஞ்சினைப் பிரித்து, கொஞ்சம் கூடுதல் சக்தியோடு மறுபடி கட்டுவதற்காக உங்களிடம் முழு கிட் வாங்கியிருக்கிறேன். பாகங்களுக்கு மட்டுமல்ல, "இஞ்சின் திட்டமிடல்" என்று தனியாகவும் கட்டணம் வாங்கினீர்கள். என் புகாரே அங்கேதான் தொடங்குகிறது, ஏனென்றால் நீங்கள் அனுப்பிய பெட்டிகளைப் பார்த்தால் யாரும் உட்கார்ந்து திட்டமிட்டதாகவே தெரியவில்லை. பாகங்கள் பொருந்தவில்லை என்று சொன்னதற்கு, தடித்த கேஸ்கெட் போடுங்கள், நல்ல பெட்ரோல் போடுங்கள், பெட்டி திறந்துவிட்டதால் திரும்ப எடுக்க முடியாது என்றுதான் நீங்கள் பதில் எழுதினீர்கள்.

எனக்கு என்ன வேண்டும் என்பதை ஆர்டருக்கு முன்பே மெயிலில் தெளிவாக எழுதியிருந்தேன். ரோட்டில் ஓட்டுகிற கார், ரேஸ் கார் அல்ல. காரோடு வந்த, பெட்ரோலைப் பீய்ச்சும் கே-ஜெட்ரானிக் இஞ்செக்‌ஷன் அப்படியே இருக்க வேண்டும். சிலிண்டருக்கு ஒரே ஸ்பார்க் பிளக். இஞ்சினின் அடிக்கூடான கேஸைக் கடையாமல் உட்காரும் 98 எம்எம் பிஸ்டன், சிலிண்டர் செட், கம்ப்ரஷன் (கலவை எத்தனை மடங்கு அமுக்கப்படுகிறது என்ற விகிதம்) 9.5. வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்ட் இந்த இஞ்செக்‌ஷனோடு ஒத்துப்போகிற மாதிரி, பிந்தைய 911 மாடலான 964-இன் கேம் போன்ற மிதமான ஒன்று. இதற்கு "புரிந்தது, இதன்படியே தயார் செய்கிறோம்" என்று பதில் போட்டது உங்கள் ஆட்கள்தான்.

வந்த பாகங்களை அப்படியே மாட்டிவிடாமல் முதலில் ஒரு சிலிண்டரை மட்டும் பொருத்தி அளந்தேன். பிஸ்டன் பின்னுக்கு நேராக, இரண்டு ஓரத்திலும் சால்டர் கம்பித் துண்டை வைத்து, ஹெட்டை முறுக்கி, கிராங்க்கைக் கையால் ஒரு சுற்று சுற்றி, நசுங்கிய கம்பியை மைக்ரோமீட்டரில் வைத்தால் 0.7 எம்எம், பிஸ்டன் உச்சிக்கு வரும்போது அதற்கும் ஹெட்டுக்கும் நடுவே இருக்கிற இடைவெளி அவ்வளவுதான். இந்த இஞ்சினைக் கட்டுகிறவர்கள் பொதுவாக 1 எம்எம்முக்குக் கீழே போக மாட்டார்கள், அதிக வேகத்தில் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராட் நீளும்போது பிஸ்டன் போய் ஹெட்டில் இடிக்கலாம். சரி, சிலிண்டருக்கு அடியில் வருகிற கேஸ்கெட்டை மாற்றினால் போகட்டும் என்று நினைத்து அடுத்ததாகக் கம்ப்ரஷனைப் பார்த்தேன். ரிங் ஓரத்தில் கிரீஸ் தடவி, பிஸ்டனை உச்சியில் நிறுத்தி, பிளக் துளை மேலே வருகிற மாதிரி இஞ்சினைச் சாய்த்து, காற்றுக் குமிழி நிற்காமல் பியூரெட்டிலிருந்து மெல்லிய எண்ணெயை விட்டேன். பிளக் துளையைக் கழித்தால் 55 சிசி. 98 எம்எம் போர் (சிலிண்டரின் விட்டம்), 70.4 எம்எம் ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) என்றால் ஒரு சிலிண்டர் 531 சிசி. 9.5 கம்ப்ரஷனுக்கு மேலே 62 சிசிக்குக் கொஞ்சம் அதிகமாக இடம் இருக்க வேண்டும். 55 என்றால் 10.6-ஐத் தாண்டுகிறது! நீங்கள் சொன்னபடி தடித்த கேஸ்கெட் போட்டுச் சிலிண்டரை 0.3 எம்எம் தூக்கினாலும் 10.3-க்குத்தான் இறங்கும். நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இதைச் சின்ன வித்தியாசம் என்று உங்கள் தொழில்நுட்பப் பிரிவு எழுதியிருப்பதுதான் என்னை அதிகம் கோபப்படுத்துகிறது. இந்த ஹெட்டில் பிளக் ஒரு பக்கமாக இருக்கிறது. பிஸ்டனின் தலை மேடாக எழும்பி எரிகிற அறையை நடுவில் மறிக்கிறது. தீ அந்த மேட்டைச் சுற்றி மறுகோடிக்குப் போவதற்குள் அங்கே மிச்சமிருக்கிற கலவை தானாகவே வெடிக்கும், அதுதான் நாக்கிங். காற்றில் குளிர்கிற இஞ்சினில் ஹெட் சூடு வேறு அதிகம். அதனால்தான் இவ்வளவு கம்ப்ரஷன் வைக்கிறவர்கள் ஹெட்டைத் துளைத்து சிலிண்டருக்கு இரண்டு பிளக், மொத்தம் 12 போடுகிறார்கள். 1981-இலிருந்து ஐரோப்பிய எஸ்சி-யில் தொழிற்சாலையே 9.8 கம்ப்ரஷனில் 204 குதிரைத்திறன் எடுத்தது, அதுவும் சின்ன 95 எம்எம் போரில், 98 ஆக்டேன் பெட்ரோலை நம்பி. ஒரே பிளக் என்று எழுதிக் கொடுத்த எனக்கு 10.6 அனுப்பிவிட்டு "நல்ல பெட்ரோல் போடுங்கள்" என்பது என்ன பதில்?

கேம்ஷாஃப்ட் அதைவிட மோசம். கூடவே வந்த அட்டையில் இருக்கிற எண்களைப் பார்த்தாலே அது கார்புரேட்டரோ தனித்தனித் திராட்டிலோ உள்ள ரேஸ் இஞ்சினுக்கானது என்று தெரிகிறது. கே-ஜெட்ரானிக்கில் ஒரு தட்டு காற்றோட்டத்தில் மிதந்துகொண்டு பெட்ரோலை அளக்கிறது. இரண்டு வால்வும் சேர்ந்து நிறைய நேரம் திறந்திருந்தால் காற்று பின்னால் தள்ளி அந்தத் தட்டை உதறும், ஐட்லிங் நிற்காது, கலவையும் தாறுமாறாகும். சோதனை ஸ்பிரிங் போட்டு டயல் கேஜில் பார்த்ததில் இன்டேக் வால்வுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே 1.1 எம்எம்தான் இருக்கிறது, குறைந்தது 1.5 வேண்டும். அதாவது உங்கள் பிஸ்டனும் உங்கள் கேமும் ஒன்றுக்கொன்றுகூடப் பொருந்தவில்லை. இரண்டையும் ஒரே மேஜையில் வைத்து ஒருவர் பார்த்திருந்தால் இது பெட்டிக்குள் போயிருக்காது.

அப்புறம் இன்னொன்று. இந்த வருட எஸ்சி-யில் ஹெட்டை இறுக்கிப் பிடிக்கிற நீளமான ஸ்டட்களில் கீழ் வரிசை டிலாவர் என்ற எஃகுக் கலவை, அரிப்பு பிடித்து உடைவதற்குப் பேர்போனவை. உங்கள் பட்டியலில் ஸ்டட் என்பதே இல்லை. கனெக்டிங் ராட் போல்ட்டும் இல்லை. திட்டமிடல் என்று காசு வாங்கினால் முதலில் எழுத வேண்டியதே இவைதானே.

பெட்டி திறந்துவிட்டதால் திரும்ப எடுக்க முடியாது என்கிறீர்கள். திறக்காமல் எப்படி அளப்பது? எந்தப் பாகமும் ஓடவில்லை, சிலிண்டர் சுவரில் தீட்டிய ஹோனிங் கோடுகள் அப்படியே இருக்கின்றன. அளந்த எண்களையும் படங்களையும் இதோடு இணைத்திருக்கிறேன், சந்தேகம் இருந்தால் உங்கள் ஆளே வந்து அளந்து பார்க்கலாம்.

எனக்கு வேண்டியது இதுதான். ஆர்டரில் சொன்ன 9.5 கம்ப்ரஷனுக்கான பிஸ்டன் செட், அதன் மேட்டின் கொள்ளளவை எழுத்தில் குறிப்பிட்டு. கேம்ஷாஃப்டை மாற்றித் தர வேண்டும், அல்லது அதற்கான பணம். திட்டமிடல் கட்டணம் முழுவதும் திரும்ப வேண்டும். இரண்டு பக்க அனுப்பும் செலவும் உங்களுடையது. 14 நாட்களுக்குள், இஞ்சினைப் பற்றித் தெரிந்த ஒருவரிடமிருந்து பதில் வர வேண்டும், விற்பனைப் பிரிவின் ஒற்றை வரி வேண்டாம். வராவிட்டால் இதே கடிதத்தையும் அளவுகளையும் நுகர்வோர் புகாராகப் பதிவு செய்வேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்