கேன்சர் பரவிட்ட எங்களப் பத்தியும் எழுதுங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். அக்டோபர் வந்தா மார்பக புற்றுநோய் பத்தி உங்க பேப்பர்ல நெறைய வருது, சீக்கிரம் கண்டுபிடிச்சா குணமாயிடும்னு போடுறீங்க, நல்ல விஷயம்தான். ஆனா அது உடம்புல வேற எடத்துக்குப் பரவிட்டவங்களப் பத்தி ஒரு வரி கூட காணோம்.

எனக்கு 6 வருஷம் முன்னாடியே ஆபரேஷன், கீமோ எல்லாம் முடிஞ்சுது. போன வருஷம் இடுப்பு வலி, தேயிலை மூட்டை தூக்குறதாலன்னு நெனச்சு தைலம் தேச்சே நாலு மாசம் ஓட்டிட்டேன், பக்கத்துல காட்டுன டாக்டரும் வலி மாத்திரைதான் குடுத்தாரு, கடைசில ஸ்கேன்ல பாத்தா எலும்புல பரவியிருக்கு. எலும்புக்கு போனாலும் அது மார்பக கேன்சர்தான், வைத்தியமும் அதுக்குதான்னு எனக்கே அப்பதான் தெரியும். நுரையீரல், கல்லீரல், மூளைக்கும் போகலாமாம். முழுசா குணமாக்க முடியாது, ஆனா கட்டுப்படுத்தி வருஷக்கணக்கா வாழுறவங்க இருக்காங்க.

தெனம் லெட்ரோசோல்னு ஒரு ஹார்மோன் வைத்திய மாத்திரை, எலும்புக்கு ஊசி. அதுக்கு கோத்தகிரில விடியக்காலம் பஸ் ஏறி மேட்டுப்பாளையம் வழியா கோயம்புத்தூர் போகணும், ஒவ்வொரு வளைவுலயும் முதுகுக்கு தலகாணி வச்சு கம்பிய இறுக்கிப் புடிச்சுக்குவேன். முடி கொட்டலேன்னதும் "சரியாயிடுச்சாக்கா, ட்ரீட்மென்ட் எப்ப முடியும்"னு கேக்குறாங்க. உசுரு இருக்குற வரைக்கும் முடியாதும்மா.

அக்டோபர் 13 பரவுன மார்பக கேன்சருக்கான விழிப்புணர்வு நாள், எங்களுக்கான நாள், அன்னைக்காவது எழுதுங்க ஐயா. முன்னாடி கேன்சர் வந்தவங்க விடாத எலும்பு வலி, இருமல், மூச்சு வாங்கல் இருந்தா பழசச் சொல்லி டாக்டர்கிட்ட காட்டணும்னு பெரிய எழுத்துல போடுங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி, கோத்தகிரி