மலையகத் தொழிற்சங்கத் தலைவர்களுக்கு: பிள்ளைகளுக்கு இடம் விடுங்கள்

மதிப்புக்குரிய தலைவர்களுக்கு வணக்கம்.

ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து, தோட்டப் பாடசாலையிலேயே படிப்பித்து ஓய்வு பெற்றவள் நான். அப்பா இருபது வருடம் சங்கத்தின் தோட்டத் தலைவராக இருந்தவர். சங்கத்தின் அருமையை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1948இல் அரசு எங்கள் குடியுரிமையைப் பறித்த பிறகு, நாதியற்று நின்ற எங்கள் சனத்துக்காக வாய் திறந்தது சங்கம்தான். அந்த நன்றி மனதில் இருப்பதால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

ஒன்றரை வருடமாக எங்கள் தோட்டத்துப் பிள்ளைகள் பன்னிரண்டு பேர் ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டில் கூடுகிறார்கள். சனத்தை ஒன்றுசேர்க்கும் வேலையைப் பழகுகிறார்கள். அவர்களில் மூவர் கொழும்பில் கடை வேலை செய்தவர்கள். 2018 ஒக்டோபர் 24 அன்று காலிமுகத்திடலில் கறுப்பு உடையோடு நின்றவர்கள். தோட்டத் தொழிலாளிக்கு ஒரு நாள் அடிப்படைச் சம்பளம் 1000 ரூபாய் வேண்டும் என்று அன்றைக்கு ஆயிரக்கணக்கில் இளைஞர்கள் திரண்டார்கள். மூன்று மாதம் கழித்துச் சங்கங்களும் தோட்டக் கம்பனிகளும் கையெழுத்திட்ட கூட்டு ஒப்பந்தத்தில் இருந்தது 700 ரூபாய். நாள் சம்பளம் ஆயிரத்தைத் தொட 2021 ஆனது, அதுவும் அரசின் வர்த்தமானி அறிவிப்பு வழியாக. "அன்னைக்கு வந்த ஒருத்தரோட போன் நம்பர்கூட எங்ககிட்ட இல்ல டீச்சர்" என்றான் ஒருவன். அந்த வருத்தத்தில்தான் எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் தொடங்கின.

முதலில் பழகியது, பேசாமல் கேட்பது. ஆரம்பத்தில் ஒரு பிள்ளை, தொழிலாளர் வரிசை வீடான லயத்தின் வாசலில் நின்று பத்து நிமிடம் உரிமையைப் பற்றிப் பேசினாள். பகலெல்லாம் கொழுந்து பறித்துவிட்டு வந்த அக்கா, அடுப்பில் உலை கொதிக்கிறதா என்று உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார். அடுத்த வாரம் அவள் படியில் உட்கார்ந்து, "உங்களுக்கு எது கஷ்டம்?" என்று மட்டும் கேட்டாள். அந்த அக்கா சொன்னது சம்பளத்தைப் பற்றியே இல்லை. மகனுக்கு வந்த நேர்முகத் தேர்வுக் கடிதம், தேர்வு முடிந்து நான்கு நாள் கழித்துக் கைக்கு வந்ததாம்.

தோட்டத்துக் கடிதம் தோட்ட அலுவலகத்துக்குப் போய், அங்கிருந்து யார் கையிலாவதுதானே லயத்துக்கு வருகிறது? வீட்டுக்கென்று ஒரு விலாசம் கிடையாது. பிள்ளைகள் லயம் லயமாகப் போய்ப் பழைய உறைகளை வாங்கி, தபால் முத்திரைத் தேதியையும் கையில் கிடைத்த நாளையும் ஒரு கொப்பியில் எழுதினார்கள். அந்தக் கொப்பியோடு தபாலகத்துக்கும் பிரதேச சபைக்கும் போனபோது, கூடவே முப்பது பெண்கள் போனார்கள். கொழுந்துக் கூடையை இறக்கிவிட்டு அப்படியே வந்தவர்கள். இத்தனை வருடத்தில் நான் அதைப் போல ஒன்றைப் பார்த்ததில்லை.

அப்புறம் தோட்டத்துப் பாதையைத் திருத்தும் விஷயம். தோட்டத்துக்குள் பிரதேச சபை செலவு செய்ய முடியாது என்று இன்னமும் சிலர் சொல்லி அனுப்புகிறார்கள். தடையாக இருந்த, பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவை 2018இலேயே திருத்திவிட்டார்கள். இதைத் தேடி வாசித்து எங்களுக்குச் சொன்னது உயர்தரம் (ஏ.எல்.) படிக்கும் ஒரு பெண் பிள்ளை.

இவ்வளவும் நடந்த பிறகுதான் ஒரு சங்கப் பொறுப்பாளர் அந்தப் பிள்ளைகளின் பெற்றோரைக் கூப்பிட்டு, "வீட்டுத்திட்டப் பட்டியலில் பெயர் வர வேண்டாமா?" என்று கேட்டிருக்கிறார். ஒரு பையனின் அம்மா அவனை அனுப்புவதையே நிறுத்திவிட்டார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். லயக் காம்பராவில் மூன்று குடும்பமாக வாழ்பவருக்கு வீட்டுத்திட்டத்தில் கிடைக்கும் ஒரு துண்டு நிலம் என்பது சாதாரணமில்லை. அந்த ஆசையைக் காட்டிப் பயமுறுத்தியதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

தலைவர்களே, இந்தப் பிள்ளைகள் உங்களுக்குப் போட்டிச் சங்கம் கட்டவில்லை. அவர்களின் அம்மாமார் உங்கள் சங்கத்து உறுப்பினர்கள்தான். தோட்டக் கமிட்டியில் முப்பது வயதுக்குக் குறைந்தவர்கள் இரண்டு பேருக்கு இடம் கொடுங்கள். அதில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். சம்பளப் பேச்சுக்குப் போகும் முன், என்ன கேட்கப் போகிறீர்கள் என்று காலையில் வேலைக்குக் கூடும் பெரட்டுக்களத்தில் சனத்திடம் சொல்லிவிட்டுப் போங்கள். வீட்டுப் பட்டியலை எல்லோரும் பார்க்கும்படி ஒட்டுங்கள். பட்டியல் சுவரில் இருந்தால் அதை வைத்து யாரும் யாரையும் மிரட்ட முடியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கும் வாருங்கள். காலை பத்து மணிக்குத் தொடங்குவோம். அந்தப் பையனின் அம்மாவையும் நானே போய்க் கூப்பிடுகிறேன். நீங்கள் வருகிறீர்கள் என்று தெரிந்தால் அவர் மகனை அனுப்புவார்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஒரு தோட்டப் பாடசாலை ஆசிரியை