அழைத்துத்தான் வந்தார்களா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெளிநாடுகளில் உள்ள அமெரிக்கப் படைத்தளங்கள் பற்றி சென்ற ஞாயிறு இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பிரிட்டிஷாரைப்போல அமெரிக்கா நாடுகளைப் பிடித்து வரி வசூலிக்கவில்லை, அந்தந்த அரசு அழைத்ததால் வந்து தங்கியிருக்கிறது, போகச் சொன்னால் போய்விடும், ஆகவே ஏகாதிபத்தியம் என்று கத்துவது இடதுசாரிகளின் பழைய பாட்டு என்கிறார் கட்டுரையாளர். அவர் சொல்வதில் பாதி சரி. மீதிப் பாதிக்காகத்தான் இதை எழுதுகிறேன். எனக்குக் கட்சி எதுவும் கிடையாது. சரக்குக் கப்பல்களில் எஞ்சின் ரூமில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன்.

முதலில் சரியான பாதி. பிலிப்பைன்ஸ் செனட்டில் 1991 செப்டம்பர் 16 அன்று ஓட்டெடுப்பு நடந்தது. சூபிக் கடற்படைத் தளத்தை நீட்டிக்கும் ஒப்பந்தத்தை எதிர்த்து 12 பேர், ஆதரித்து 11 பேர். ஒரே ஓட்டு வித்தியாசம். அடுத்த ஆண்டு நவம்பரில் அமெரிக்கக் கொடி இறங்கிவிட்டது. பிற்பாடு எங்கள் கப்பல் ரிப்பேருக்காக சூபிக்கில் நின்றபோது, அங்கிருந்த ஃபோர்மேன் அமெரிக்கக் கடற்படையிடம் வேலை கற்ற ஆள். "நல்ல சம்பளம், கறாரான வேலை. போகும்போது மிதக்கும் டாக்குகளையும் இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள்" என்று சொல்லிச் சிரித்தார். அது கோபமா ஏக்கமா என்று எனக்குப் பிடிபடவில்லை. இரண்டும் இருந்திருக்கலாம். சீனாவோடு கடல் தகராறு முற்றியதும் அதே பிலிப்பைன்ஸ் 2014-ல் புது ஒப்பந்தம் போட்டு அமெரிக்கர்களைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டது.

பிரான்ஸில் அதிபர் டி கால் 1966-ல் போகச் சொன்னார், போனார்கள். ஈக்வடார் 2009-ல் மான்டா தளத்தை மூடியது. மியாமியில் எங்களுக்கு ஒரு தளம் கொடுங்கள், உங்களுடையதை நீட்டிக்கிறோம் என்று அதிபர் ரஃபேல் கொரேயா நையாண்டி செய்தது பலருக்கு நினைவிருக்கும். நைஜர் 2024-ல் அனுப்பிவைத்தது. லண்டனை இப்படிக் கைதூக்கி ஓட்டுப்போட்டு வெளியே அனுப்பப் பெரும்பாலான காலனிகளுக்கு வாய்த்ததில்லை. இதை மறைத்துவிட்டு வாதாடுவது நேர்மையாகாது.

சரி, போகாத இடங்களுக்கு வருவோம். குவாண்டனாமோவை 1903-ல் கியூபாவிடம் குத்தகைக்கு எடுத்தார்கள். இரண்டு தரப்பும் சம்மதித்தாலோ, அமெரிக்காவே விட்டுப் போனாலோதான் குத்தகை முடியும் என்பது 1934 ஒப்பந்தம். ஆண்டு வாடகை 4,085 டாலர். காஸ்ட்ரோ அரசு ஆரம்பத்தில் ஒரே ஒரு செக்கை மாற்றியது, அதற்கப்புறம் வந்த எதையும் மாற்றவில்லை. செக் வந்துகொண்டே இருந்தது, தளமும் இருந்துகொண்டே இருக்கிறது. இராக்கில் 2020 ஜனவரி 5 அன்று அந்நியப் படைகள் வெளியேற வேண்டும் என்று நாடாளுமன்றம் தீர்மானம் போட்டது. குர்து உறுப்பினர்களும் சன்னி உறுப்பினர்களில் பெரும்பாலோரும் வரவில்லை, தீர்மானம் அரசைக் கட்டுப்படுத்தாது என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் அதற்கு வாஷிங்டன் சொன்ன பதில் என்ன? நாங்கள் கட்டிய விமானத் தளத்துக்குப் பணம் தராமல் போக மாட்டோம், மீறிச் சொன்னால் பொருளாதாரத் தடை என்றார் டிரம்ப். அழைக்கப்பட்ட விருந்தாளி பேசுகிற பேச்சா இது?

கட்டுரையாளர் ஜப்பானை நல்ல உதாரணமாகக் காட்டுகிறார். டோக்கியோவில் இருந்து பார்த்தால் நல்ல உதாரணம்தான். ஜப்பானின் நிலப்பரப்பில் ஒகினாவா 0.6 சதவீதம். அமெரிக்கப் படைகளுக்கென்றே ஒதுக்கிய இடத்தில் சுமார் 70 சதவீதம் அந்தச் சின்னத் தீவுக்கூட்டத்தின் தலையில். கினோவான் நகரத்துக்கு நடுவில், வீடுகளும் பள்ளிக்கூடங்களும் சூழ ஃபுடென்மா விமானத் தளம் கிடக்கிறது. 2004 ஆகஸ்ட் 13 அன்று அங்கிருந்து பறந்த ராணுவ ஹெலிகாப்டர் ஒன்று பக்கத்துப் பல்கலைக்கழகக் கட்டடத்தில் மோதி விழுந்தது. விடுமுறைக் காலம் என்பதால் மாணவர்கள் தப்பினார்கள். உடனே அமெரிக்கச் சிப்பாய்கள் வேலி தாண்டி வந்து வளாகத்தைச் சுற்றி வளைத்து, ஜப்பான் போலீஸை உள்ளே விடவில்லை. ஜப்பான் மண், ஜப்பான் பல்கலைக்கழகம், ஜப்பான் போலீஸ் கயிற்றுக்கு வெளியே. தளத்தை ஒகினாவாவிலேயே உள்ள ஹெனோகோவுக்கு மாற்றி அங்கே கடலைத் தூர்ப்பது பற்றி 2019-ல் ஒகினாவா மக்களிடம் கருத்துக் கேட்டார்கள். ஓட்டுப் போட்டவர்களில் 70 சதவீதத்துக்கும் மேல் வேண்டாம் என்றார்கள். மண் கொட்டுவது நிற்கவில்லை. இதில் டோக்கியோவின் பங்குதான் அதிகம் என்று நினைக்கிறேன். ஒப்பந்தம் போட்ட அரசு கொடுத்த சம்மதத்தை ஒகினாவாக்காரன் கொடுத்ததாக எழுதிக்கொள்ள முடியாது, அவ்வளவுதான்.

தளங்கள் 700-ஆ 800-ஆ என்று எண்ணிக்கொண்டிருப்பதில் எனக்கு ஆர்வமில்லை. அந்த மண்ணில் இருப்பவன் போ என்று சொன்னால் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். அதற்கு முன்னால், அந்த மண்ணில் யாராவது மிச்சம் இருக்கிறார்களா என்றும் பார்க்க வேண்டும். கட்டுரை முழுவதும் தேடினேன், டீகோ கார்சியா என்ற பெயர் ஒரு இடத்தில்கூட இல்லை.

இந்தியப் பெருங்கடலின் நடுவில், சாகோஸ் தீவுக்கூட்டத்தில் உள்ள பவளத்தீவு அது. இராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் குண்டு போட்ட விமானங்கள் அங்கிருந்து கிளம்பின. மொரீஷியஸுக்குச் சுதந்திரம் கொடுப்பதற்கு முன்பே, 1965-ல், பிரிட்டன் சாகோஸைத் தனியாக வெட்டி எடுத்து வைத்துக்கொண்டது. அடுத்த ஆண்டே டீகோ கார்சியாவை அமெரிக்காவுக்குக் கொடுத்தது. வெளியே தெரிந்த வாடகை ஒன்றுமில்லை. பிரிட்டன் அமெரிக்காவிடம் வாங்கிய பொலாரிஸ் ஏவுகணை விலையில் 1.4 கோடி டாலரைச் சத்தமில்லாமல் கழித்துக்கொண்டார்கள். அங்கே தலைமுறைகளாகத் தென்னந்தோப்பில் கொப்பரை போட்டுப் பிழைத்த சுமார் 1,500 பேரை, நிரந்தரக் குடிகளே இல்லை, ஒப்பந்தக் கூலிகள் என்று காகிதத்தில் மாற்றி எழுதினார்கள். 1968-லிருந்து 1973-க்குள் எல்லோரும் வெளியே. அதைச் செய்தது பிரிட்டன்தானே என்று சிலர் கேட்பார்கள். தீவு காலியாக வேண்டும் என்று கேட்டது அமெரிக்கா. மக்களை என்ன செய்வது என்று 1971-ல் கோப்பு மேலே போனபோது, அமெரிக்கக் கடற்படைத் தலைவர் அட்மிரல் சும்வால்ட் மூன்றே ஆங்கிலச் சொல்லில் பதில் எழுதினார்: கட்டாயம் போகவேண்டும்.

மொரீஷியஸின் போர்ட் லூயிஸ் துறைமுகத்தில் எங்கள் கப்பலில் சரக்கு இறக்க வந்த, பளுத்தூக்கி இயக்கும் ஒரு வின்ச்மேன் அப்படி வெளியே வந்தவர்களில் ஒருவர். மொரீஷியஸ் ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து இருக்கும். அதைப் படித்துக்காட்டப் போய்த்தான் பேச்சு ஆரம்பித்தது. அவர் பேசியது கிரியோல், நடுநடுவே துறைமுக இங்கிலீஷ். சின்னப் பையனாக இருந்தபோது தாயாரின் வைத்தியத்துக்காகப் போர்ட் லூயிஸ் வந்தார்களாம். ஊர் திரும்ப டிக்கெட் கேட்டால், உன் தீவை விற்றாயிற்று, இனிக் கப்பல் போகாது என்றார்களாம். அத்தை வீட்டு நாயைப் பற்றித்தான் அதிகம் சொன்னார். தீவில் இருந்த நாய்களை எல்லாம் கொப்பரை உலர்த்தும் கொட்டகையில் அடைத்து, வண்டிப் புகையை உள்ளே விட்டுக் கொன்றார்கள். இது அவர் கட்டிய கதை இல்லை, பதிவில் இருக்கிற விஷயம். கடைசியாக ஏற்றிய கப்பலில் தோட்ட மேனேஜரின் குதிரைகளுக்கு மேல்தளத்தில் இடம், மக்களுக்குச் சரக்கின் மேல் படுக்கை என்று அந்தப் பயணம் செய்தவர்கள் சாட்சி சொல்லியிருக்கிறார்கள். தோட்டத்துக் கழுதைகளை மட்டும் விட்டுவிட்டார்கள். அவற்றின் வம்சம் தீவில் சுதந்திரமாகத் திரிந்தது.

இதற்கு ஏகாதிபத்தியம் என்பதைவிட மென்மையான பெயர் ஒன்று கட்டுரையாளரிடம் இருந்தால் சொல்லட்டும், கேட்டுக்கொள்கிறேன்.

அமெரிக்கப் படை இல்லாவிட்டால் கடல் பாதுகாப்பு என்னாகும் என்று அவர் கேட்பதை நான் அலட்சியப்படுத்த மாட்டேன். சோமாலியக் கொள்ளையர் காலத்தில் ஏடன் வளைகுடாவைத் தாண்டியவன் நான். கப்பலைச் சுற்றிலும் முள்கம்பி, பக்கவாட்டில் திறந்துவிட்ட தீயணைப்புக் குழாய்கள், எஞ்சினை எவ்வளவு வேகம் தாங்குமோ அவ்வளவு வேகம். ரேடியோவில் போர்க்கப்பலின் குரல் கேட்டால் எந்தக் கொடி என்று யாரும் விசாரிக்கவில்லை, மூச்சு வந்தது. ஆனால் அந்தக் கடலில் இந்தியா, சீனா, ஐரோப்பியக் கப்பல்களும் காவல் காத்தன. அதற்காக யாரும் ஒரு ஊரைக் காலி செய்யவில்லை.

கடைசியாக, தமிழ்ப் பத்திரிகை விட்டுவிடக் கூடாத ஒரு சங்கதி. 2021 அக்டோபரில் படகு பழுதாகி டீகோ கார்சியாவில் கரைசேர்க்கப்பட்டவர்கள் இலங்கைத் தமிழர்கள். சுமார் 60 பேர், குழந்தைகளோடு, எலி ஓடும் கூடாரங்களில் மூன்று ஆண்டுகள் கிடந்தார்கள். தங்களைச் சட்டவிரோதமாக அடைத்து வைத்திருப்பதாக வழக்குப் போட்டார்கள். 2024 ஜூலையில் தீவிலேயே விசாரணை நடத்த நீதிபதி புறப்பட இருந்தார். பிரிட்டன் தன்னுடையது என்று சொல்லும் மண், பிரிட்டனின் நீதிபதி, பிரிட்டனின் வழக்கு. பாதுகாப்புக் காரணம் சொல்லி அமெரிக்கா வரக்கூடாது என்றது. விசாரணை நின்றது. செப்டம்பரில்தான் நடத்த முடிந்தது. டிசம்பரில் வந்த தீர்ப்பு, அது சட்டவிரோதக் காவல்தான் என்றது.

இப்போது மொரீஷியஸுக்கே தீவுகளைத் திருப்பித் தர ஒப்பந்தம் போட்டுவிட்டார்களே என்பார் கட்டுரையாளர். அதைப் படித்துப் பார்க்கட்டும். டீகோ கார்சியா மட்டும் 99 ஆண்டுகளுக்குப் பிரிட்டன் கையில், தளம் அப்படியே. அதன்படி ஆண்டுக்குச் சராசரி 10.1 கோடி பவுண்டு பிரிட்டன் கொடுக்க வேண்டும். மற்றத் தீவுகளில் குடியேறலாம், டீகோ கார்சியாவில் முடியாது. சாகோஸ் மக்களில் இதை ஏற்பவர்களும் உண்டு, கொதிப்பவர்களும் உண்டு. பேச்சுவார்த்தை மேசையில் அவர்களுக்கு நாற்காலி போடவில்லை. 2025 மே 22 அன்று, கையெழுத்தாக வேண்டிய நாளில், டீகோ கார்சியாவில் பிறந்த இரண்டு பெண்கள் விடிவதற்கு முன்பே லண்டன் உயர் நீதிமன்றத்தில் தடை வாங்கினார்கள். பகலிலேயே தடை நீங்கியது, அன்றே கையெழுத்தும் ஆனது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கப்பல் பொறியாளர் ஒருவர்