வாடகை ஒப்பந்தம் எழுதித் தருவோருக்கு ஒரு திறந்த மடல்

வழக்கறிஞர்களுக்கும் ஆவண எழுத்தர்களுக்கும் வீட்டுத் தரகர்களுக்கும் வணக்கம்.

14 ஆண்டுகள் வாடகை வீட்டில் இருந்தவன் நான். இப்போது என் வீடு ஒன்றை வாடகைக்கு விட்டிருக்கிறேன். மேசையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டாயிற்று. நடுவில் உட்கார்ந்து தாளை நீட்டுபவர்கள் நீங்கள் என்பதால்தான் இந்த மடலை உங்களுக்கு எழுதுகிறேன்.

நான் கடைசியாகக் குடியிருந்த வீட்டின் ஒப்பந்தத்தில், மூன்றாம் பக்கத்தில் வேறு யாரோ ஒருவரின் பெயர் இருந்தது. அதே படிவத்தில் எனக்கு முன்பு கையெழுத்திட்டவராக இருக்க வேண்டும். கார் நிறுத்துமிடத்தைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனையும் உண்டு. அந்த வீட்டுக்குக் கார் நிறுத்த இடமே கிடையாது. இவற்றை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கு வினையாக வந்தது வேறொரு வரி: "வீடும் அதிலுள்ள பொருள்களும் நல்ல நிலையில் ஒப்படைக்கப்பட்டன."

குடிபுகுந்த அன்றே வாஷ்பேசினின் விளிம்பிலிருந்து துவாரம் வரை ஒரு விரிசல் ஓடியிருந்தது. சமையலறை ஜன்னலின் கொக்கி கழன்று, கயிறு போட்டுக் கட்டியிருந்தது. வீட்டுக்காரரிடம் சொன்னேன். "அதெல்லாம் பார்த்துக்கலாம்" என்றார். நான்கு ஆண்டுகள் கழித்துக் காலி செய்தபோது வீட்டைப் பார்க்க வந்தது அவருடைய மகன். விரிசலைப் பார்த்தார், ஒப்பந்தத்தைப் புரட்டினார், அந்த வரியின் மேல் விரலை வைத்தார். அவர் மேல் எனக்கு இன்றும் கோபமில்லை. தாளில் இருந்ததைத்தான் அவர் படித்தார். அட்வான்ஸில் ஏறக்குறைய ஒரு மாத வாடகை போயிற்று.

அந்த வரியை நீங்கள் எழுதாதீர்கள். அதற்குப் பதிலாக வீட்டின் நிலையைப் பட்டியலாக எழுதி ஒப்பந்தத்தோடு இணைக்கச் சொல்லுங்கள். என் வீட்டை முதன்முதலாக வாடகைக்கு விட்டபோது, குடிவரவிருந்த பெண்ணோடு அறை அறையாக நடந்தேன். முழுதாக 40 நிமிடம் ஆனது. கூடத்தில் மூன்றாவது ஸ்விட்ச் வேலை செய்யவில்லை என்று அவர்தான் கண்டுபிடித்தார். அத்தனை ஆண்டுகள் அங்கே வாழ்ந்த எனக்கு அது தெரியாது. குளியலறைக் கதவின் அடிப்பக்கம் உப்பியிருந்தது, படுக்கையறைச் சுவரில் நான்கு ஆணித் துளைகள், மின் மீட்டரில் அன்றைய எண், கொடுத்த சாவிகள் மூன்று என்று எல்லாவற்றையும் எழுதினோம். தேதியோடு படம் எடுத்தோம். இரண்டு பிரதியிலும் இருவரும் கையெழுத்திட்டோம். இரண்டு ஆண்டுகள் கழித்து அவர் காலி செய்த அன்று அதே பட்டியலோடு திரும்ப நடந்தோம். கால் மணி நேரத்தில் கணக்கு முடிந்தது.

அட்வான்ஸைப் பற்றி எழுதும்போதும் தொகையோடு நிறுத்திவிடுகிறீர்கள். எத்தனை நாளில் திருப்பித் தர வேண்டும், எதற்கெல்லாம் பிடிக்கலாம், பிடித்தால் ரசீது காட்ட வேண்டுமா என்பதையும் எழுதுங்கள். இயல்பான தேய்மானம் ஒன்று, சேதம் வேறொன்று. வெயில் பட்டு பெயிண்ட் மங்குவதும், நடந்து நடந்து தரை மெருகு இழப்பதும் தேய்மானம். கதவில் ஓட்டை விழுந்தால் அது சேதம். தேய்மானத்துக்குக் குடியிருப்பவர் பொறுப்பல்ல என்று ஒரே ஒரு வாக்கியம் போதும், பாதிச் சண்டை வராது.

'சிறு பழுதுகளைக் குடியிருப்பவரே பார்த்துக்கொள்ள வேண்டும்' என்பது இன்னொரு பொறி. சிறியது எது? குழாய் வாஷரும் பல்பும் சிறியவை, சரி. சுவருக்குள் கசியும் குழாய்? ஒரு தொகையை வரம்பாக வைத்து, அதற்கு மேல் போனால் உரிமையாளர் என்று எழுதலாம். வரம்புக்கு உள்ளே வந்தாலும் சுவருக்குள்ளும் கூரையிலும் இருப்பவை உரிமையாளருடையவை என்றும் சேர்க்கலாம். தண்ணீரோ மின்சாரமோ நின்றுபோனால் எத்தனை மணி நேரத்தில் ஆள் வர வேண்டும் என்பதும் அங்கேயே வரட்டும்.

வாடகை உயர்வில் ஒரு கணக்கு. 'ஆண்டுக்கு 10 சதவீதம் உயரும்' என்று மட்டும் எழுதுகிறீர்கள். வாடகை 100 என்றால் அடுத்த ஆண்டு 110, அதில் குழப்பமில்லை. அதற்கடுத்த ஆண்டு 120-ஆ, 121-ஆ? தொடக்க வாடகையின் மீதா, கடைசியாகக் கொடுத்த வாடகையின் மீதா என்று இரண்டு சொல் சேர்த்தால் தீர்ந்தது. ஐந்தாம் ஆறாம் ஆண்டில் இந்த வித்தியாசம் கையைக் கடிக்கும்.

நண்பர்கள் மூவர் சேர்ந்து வீடு எடுக்கும்போது, 'கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு' என்று எழுதிக் கையெழுத்து வாங்குகிறீர்கள். இருவர் சொல்லாமல் போய்விட்டால் முழு வாடகையையும் மிஞ்சிய ஒருவரிடமே கேட்கலாம் என்பதுதான் அதன் பொருள். அந்த வரியை எழுதுவது தவறில்லை. அதன் பொருளைச் சொல்லாமல் கையெழுத்து வாங்குவது தவறு.

சட்டத்துக்குப் புறம்பான நிபந்தனைகளையும் விட்டுவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். வாடகை தாமதமானால் உரிமையாளர் பூட்டை மாற்றலாம் என்று எழுதப்பட்ட ஒப்பந்தத்தை நானே பார்த்திருக்கிறேன். நீதிமன்றத்தை நாடாமல் ஆளை வெளியேற்றுவதைப் பல நாடுகளின் சட்டம் ஏற்பதில்லை. கையெழுத்து இருப்பதால் அது சரியாகிவிடாது. ஆனால் படிக்கிறவர் அது செல்லும் என்றே நம்பிப் பயப்படுகிறார். குடியிருப்போருக்கான பாதுகாப்பைத் தவிர்க்கத் தலைப்பில் 'லைசென்ஸ்', அதாவது வெறும் தங்கும் அனுமதி, என்று போடுவதும் இதே ரகம்தான். வீட்டைத் தனக்கே உரியதாக வைத்து அனுபவிக்கும் உரிமை, குறிப்பிட்ட காலம், வாடகை ஆகியவை இருந்தால், தாளுக்கு என்ன பெயர் வைத்தாலும் அது குத்தகைதான் என்று 1985-இல், அப்போது பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை ஸ்ட்ரீட் எதிர் மவுண்ட்ஃபோர்டு வழக்கில் தீர்ப்பளித்தது.

உரிமையாளர் வீட்டுக்குள் வருவதற்கு 24 மணி நேரம் முன்னதாகச் சொல்ல வேண்டும் என்பது பல நாட்டுச் சட்டங்களில் உண்டு. குழாய் வெடித்தது, தீப்பிடித்தது போன்ற அவசரங்கள் விலக்கு. காலி செய்யும் நோட்டீஸ் இரு தரப்புக்கும் ஒரே அளவாக இருக்கட்டும். குடியிருப்பவர் மூன்று மாதம் முன்பே சொல்ல வேண்டும், உரிமையாளர் ஒரு மாதம் முன்பு சொன்னால் போதும் என்று எழுதும்போது உங்களுக்கே உறுத்த வேண்டாமா?

கடைசியாக, எனக்கு மிகவும் மனத்தாங்கலான ஒன்று. என் முதல் ஒப்பந்தத்தை நான் படிக்கவே இல்லை. "எல்லாம் வழக்கமானதுதான், இங்கே போடுங்க" என்று எழுதிக் கொடுத்தவர் பக்கம் பக்கமாகத் திருப்பினார். அவர் விரல் காட்டிய இடத்தில் எல்லாம் போட்டேன். எனக்கென்று ஒரு பிரதிகூடக் கிடைக்கவில்லை. அன்று யாராவது பத்து நிமிடம் ஒதுக்கி, எனக்குப் புரியும் மொழியில் வாய்விட்டுப் படித்திருந்தால், எனக்கு நான்கு கேள்வியாவது தோன்றியிருக்கும்.

அடுத்து உங்களிடம் இருவர் வரும்போது, தாளை எடுப்பதற்கு முன் ஒன்று கேளுங்கள்: "இரண்டு பேரும் சேர்ந்து வீட்டைச் சுற்றிப் பார்த்துப் பட்டியல் எழுதிவிட்டீர்களா?" இல்லை என்றால், எழுதிக்கொண்டு நாளை வரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
வாடகை கொடுத்தும் வாங்கியும் பழகிய ஒருவன்