ஜெயித்த ஆட்டத்தைக் கணக்கில் எடுங்கள்

கல்லூரி ஃபுட்பால் பிளேஆஃப் தேர்வுக் குழுவினருக்கு,

வணக்கம். 2023 டிசம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை உங்கள் குழு எடுத்த முடிவைப் பற்றி எழுதுகிறேன். அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் பட்டத்துக்கு மோதும் நான்கு அணிகளை நீங்கள் தேர்ந்தெடுத்தபோது, ஒரு ஆட்டம்கூடத் தோற்காத புளோரிடா ஸ்டேட்டை வெளியே நிறுத்திய முடிவு அது. அன்று அந்த அறையில் இருந்தவர்களில் பலர் இப்போது குழுவில் இல்லை. ஆனால் அந்த முடிவுக்கு வழிவிட்ட விதி, முக்கிய ஆட்டக்காரர் இல்லாததைக் கணக்கில் எடுக்கலாம் என்பது, இன்னும் உங்களிடம்தான் இருக்கிறது. அதனால்தான் பழைய கதை என்று விட்டுவிட மனம் வரவில்லை.

புளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழக அணி 2020இல் ஜெயித்தது மூன்றே மூன்று ஆட்டம். மைக் நார்வெல் கோச்சாகப் பொறுப்பேற்ற முதல் சீசன் அது. அடுத்த வருடம் ஐந்து, அதற்கடுத்து பத்து. லூயிவில்லிலிருந்து 2019இல் வந்து சேர்ந்த ஜோர்டன் டிராவிஸ் அந்தத் தோல்விகளை எல்லாம் கூடவே இருந்து பார்த்தவர். 2023இல் அவர்தான் அணியின் குவார்ட்டர்பேக், அதாவது பந்தை வீசித் தாக்குதலை நடத்துபவர். முதல் ஆட்டத்திலேயே ஆர்லாண்டோவில் எல்எஸ்யூவை (லூசியானா ஸ்டேட் அணி) 45-24 என்று அடித்தார்கள். மூன்று வாரம் கழித்து கிளெம்சனுக்குப் போய், கூடுதல் நேரத்தில் 31-24. 2013க்குப் பிறகு அந்த மைதானத்தில் அவர்கள் ஜெயித்ததே கிடையாது. அவர்கள் அணியின் கீயான் கோல்மன் வெற்றி தந்த அந்தப் பந்தைப் பிடித்ததை எத்தனை தடவை திரும்பத் திரும்பப் பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை.

அப்புறம் நவம்பர் 18. வடக்கு அலபாமாவுடன் ஆடியபோது, முதல் கால்பகுதியிலேயே டிராவிஸின் கால் முறிந்தது. அவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். 13-0 என்று பின்தங்கிக் கிடந்த ஆட்டத்தை மீதிப் பேர் 58-13 என்று முடித்தார்கள். அடுத்த சனிக்கிழமை பரம எதிரியான புளோரிடாவை அவர்கள் ஊரிலேயே 24-15 என்று ஜெயித்தார்கள். அதற்கடுத்த சனிக்கிழமை சார்லட் நகரில் ஏசிசி இறுதி ஆட்டம். புளோரிடா ஸ்டேட் ஆடும் கான்ஃபரன்ஸ், அதாவது கல்லூரி அணிகளின் கூட்டமைப்பு, அது. இரண்டாவது குவார்ட்டர்பேக்குக்கும் தலையில் அடி பட்டிருந்ததால், மூன்றாவதாக இருந்த முதலாம் ஆண்டு மாணவர் பிராக் கிளென் இறங்கினார். பந்தைக் கையில் வைத்திருந்தபோது அவர்களுக்கு எல்லாமே கஷ்டமாகத்தான் இருந்தது, மறைப்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால் தடுப்பு வரிசை லூயிவில் அணியை ஒரு டச்டவுன்கூடப் போட விடவில்லை. 16-6. பதிமூன்று ஆட்டம், பதிமூன்று வெற்றி, கையில் கோப்பை.

மறுநாள் நீங்கள் மிச்சிகன், வாஷிங்டன், டெக்சாஸ், அலபாமா என்று நான்கு பெயரைச் சொன்னீர்கள். பெரிய கான்ஃபரன்ஸ் ஒன்றில் தோல்வியே காணாமல் கோப்பை வாங்கிய அணியை, நான்கு அணி முறை தொடங்கியதிலிருந்து யாரும் இப்படி வெளியே நிறுத்தியதில்லை.

என்னை இன்றும் உறுத்துவது ஒன்று. டிராவிஸுக்குக் கால் முறிந்த பிறகு, நவம்பர் 28ஆம் தேதி உங்கள் வாராந்திரத் தரவரிசையில் நீங்களே புளோரிடா ஸ்டேட்டை நான்காம் இடத்தில் வைத்தீர்கள். அலபாமா அப்போது எட்டாவது. காயம் உங்களுக்குத் தெரியும், அவர் திரும்பி வரமாட்டார் என்றும் தெரியும். அதன் பிறகு அவர்கள் செய்ததெல்லாம் இன்னொரு ஆட்டம் ஜெயித்ததுதான். ஜெயித்ததற்கு ஐந்தாம் இடமா?

அலபாமா லேசுப்பட்ட அணி என்று நான் சொல்லவில்லை. முதலிடத்தில் இருந்த ஜார்ஜியாவை 27-24 என்று சாய்த்தார்கள். பிளேஆஃப் அரையிறுதியான ரோஸ் பௌலில், பின்னால் பட்டம் வாங்கிய மிச்சிகனைக் கூடுதல் நேரம் வரை இழுத்தார்கள். ஆனால் செப்டம்பரில் சொந்த மைதானத்தில் டெக்சாஸிடம் 34-24 என்று தோற்றவர்களும் அவர்கள்தான். தோற்றவர்களுக்கு மன்னிப்பு உண்டு, தோற்காதவர்களுக்குச் சந்தேகம் மட்டும்தான் என்றால், பதினெட்டு பத்தொன்பது வயதுப் பிள்ளைகளிடம் எந்த முகத்தோடு போய் ஒவ்வொரு ஆட்டமும் முக்கியம் என்று சொல்வது?

முதல் பதினோரு வாரம் பார்த்த புளோரிடா ஸ்டேட் இதுவல்ல என்று உங்கள் அன்றைய தலைவர் பூ கோரிகன் விளக்கம் சொன்னார். சரி, 2014க்குப் போவோம். ஒஹையோ ஸ்டேட் அணியின் முதல் குவார்ட்டர்பேக் சீசனுக்கு முன்பே காயத்தால் விலகினார், இரண்டாமவர் கணுக்கால் முறிந்து விலகினார். மூன்றாமவரான கார்டேல் ஜோன்ஸை வைத்துக்கொண்டு விஸ்கான்சினை 59-0 என்று முடித்ததும், இதே குழு அவர்களை ஐந்திலிருந்து நான்குக்கு ஏற்றியது. அவர்கள் அலபாமாவையும் ஓரிகனையும் வென்று பட்டத்தோடு வீடு திரும்பினார்கள். மூன்றாவது ஆள் என்ன செய்வார் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பதை உங்கள் குழு தன் முதல் வருடத்திலேயே பார்த்துவிட்டது.

பிளேஆஃபுக்கு வெளியே நடந்த ஆரஞ்சு பௌலில் புளோரிடா ஸ்டேட் ஜார்ஜியாவிடம் 63-3 என்று தோற்றார்களே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அன்று களமிறங்கியது அந்தப் பதிமூன்று வெற்றி அணியே இல்லை. இருபது பேருக்கு மேல் ஆடவில்லை. பட்டத்துக்கான வழியை நீங்கள் அடைத்த பிறகு, பலர் தங்கள் எதிர்காலத்தைப் பார்த்துக்கொண்டு ஒதுங்கிவிட்டார்கள். உங்கள் முடிவால் வந்த விளைவையே அந்த முடிவுக்குச் சாட்சியாகக் காட்டுவது நியாயமில்லை.

2024இலிருந்து பன்னிரண்டு அணிகள் ஆடுகின்றன. தோற்காத அணிக்கு இனி இடம் கிடைத்துவிடும் என்பதில் எனக்கும் நிம்மதிதான். ஆனாலும் யாருக்கு எந்த வரிசை எண், கடைசி இடம் யாருக்கு என்பதெல்லாம் இன்னும் உங்கள் பட்டியலை வைத்துத்தான். முக்கிய ஆட்டக்காரர் இல்லாதது இனி வரும் ஆட்டத்தைப் பாதிக்குமா என்று நீங்கள் ஊகிக்க இடம் தரும் அந்த வரியை எடுத்துவிடுங்கள். எடுக்க முடியாதென்றால், காயத்துக்குப் பிறகும் ஓர் அணி ஜெயித்துக் காட்டியிருந்தால் அந்த ஊகம் அதற்குப் பொருந்தாது என்றாவது எழுதிச் சேருங்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை டிராவிஸ் எழுதியதை நீங்களும் படித்திருப்பீர்கள். என் கால் சீசனில் இன்னும் முன்னாலேயே முறிந்திருக்கக் கூடாதா, இந்த அணி குவார்ட்டர்பேக்கை மட்டும் நம்பியதல்ல என்று நீங்கள் பார்த்திருப்பீர்கள் என்று எழுதி, கடைசியில் மன்னிப்பும் கேட்டிருந்தார். கால் முறிந்து கிடந்த பையன் மன்னிப்புக் கேட்டான். அவனுக்கு நீங்கள் இன்னும் ஒரு பதில் கடன்பட்டிருக்கிறீர்கள்.

இப்படிக்கு,
அந்த சீசனை முதல் ஆட்டத்திலிருந்து பார்த்த ஒரு ரசிகன்